தலைக்கு மெல்லிய மின்சாரம், தடுமாறும் சிந்தனைக்குத் துணை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனநல சிகிச்சையில் இருப்பவர்களின் நினைவையும் கவனத்தையும் சோதித்துப் பார்ப்பது என் வேலை. சோதனைத் தாளை மேசையில் வைப்பதற்குள் யாராவது ஒருவர், "தலையில் கரண்ட் வைக்கிறார்களாமே" என்று தொடங்கிவிடுவார். நோயாளி கேட்பார், அவருடைய அம்மா கேட்பார், சில சமயம் வேறு துறை மருத்துவரும் தயங்கித் தயங்கிக் கேட்பார். ஒரே சந்தேகங்களுக்குப் பல வருடங்களாக வாயால் பதில் சொன்னது போதும் என்று எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இருக்கின்றன.

தலையில் கரண்ட் வைப்பது என்றால் ஷாக் சிகிச்சைதானே?

இல்லை. மற்ற எதையும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்த ஒரு பதிலையாவது படித்துவிடுங்கள். ஷாக் சிகிச்சை என்று நாம் சொல்லும் ஈ.சி.டி., 1938-இல் ரோம் நகரில் செர்லெட்டியும் பினியும் தொடங்கி வைத்தது. அதில் நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்து, சுமார் 800 மில்லி ஆம்பியர் அளவுள்ள மின்துடிப்புகளைச் சில விநாடிகள் செலுத்துகிறார்கள். மூளையில் ஒரு வலிப்பை வேண்டுமென்றே உண்டாக்குவதுதான் அதன் நோக்கம். கடுமையான மனச்சோர்வில் அது உயிர் காக்கும் சிகிச்சை. அதன் மேல் விழுந்திருக்கும் கெட்ட பெயர் நியாயமற்றது என்பது என் கருத்து. ஆனால் அது வேறு கதை.

இங்கே பேசுவது டி.டி.சி.எஸ். பற்றி, அதாவது மண்டையோட்டின் வழியாக மூளைக்குக் கொடுக்கும் நேர்மின்சாரத் தூண்டல். 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் அளவுள்ள, ஒரே திசையில் ஓடும் மின்சாரம், 20 அல்லது 30 நிமிடம், விழித்த நிலையில். மயக்க மருந்து கிடையாது, வலிப்பு கிடையாது. முடிந்ததும் எழுந்து நடந்து போய்விடலாம்.

உட்கார வைத்து என்னதான் செய்வார்கள்?

தலையை அளந்து இடம் குறிப்பார்கள். உப்புக் கரைசலில் நனைத்த இரண்டு பஞ்சு உறைகளுக்குள் ரப்பர் மின்முனைகளை வைத்து, பட்டையால் கட்டுவார்கள். ஒன்று நேர்முனை, மற்றொன்று எதிர்முனை. உறையின் அளவு பெரும்பாலும் 25 அல்லது 35 சதுர சென்டிமீட்டர். கருவி பேட்டரியில் ஓடும். சுவரில் இருக்கும் மின் இணைப்போடு உங்களுக்குத் தொடர்பே இருக்காது.

சிந்தனைத் திறனுக்காகச் செய்யும்போது நேர்முனை பெரும்பாலும் இடது நெற்றியின் மேற்புறம் இருக்கும். அதற்கு நேர் கீழே உள்ள மூளைப் பகுதி, ஒரு விஷயத்தை மனத்தில் பிடித்து வைத்துக்கொண்டே அதை வைத்து வேலை செய்வதற்கு உதவுகிறது. தொலைபேசி எண்ணைக் கேட்டு எழுதும் வரை நினைவில் வைத்திருப்பது, கடைசி வரியைப் படிக்கும்போது முதல் வரியை மறக்காமல் இருப்பது போன்றவை. இதைச் செயல்நினைவு என்கிறோம். இந்தச் சொல் கீழே பலமுறை வரும்.

வலிக்குமா?

முதல் நிமிடத்தில் எறும்பு ஊர்வது போலவோ அரிப்பாகவோ இருக்கும். மின்சாரத்தைச் சில விநாடிகளில் படிப்படியாக ஏற்றுவதால் திடுக்கிடும்படி எதுவும் நேராது. பெரும்பாலோருக்குச் சற்று நேரத்தில் உணர்வு மங்கிவிடும். எரிந்தால் உடனே சொல்லுங்கள். பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள்தான் என்னைக் கவலைப்பட வைப்பவர்கள். பஞ்சு காய்ந்துபோன இடத்தில் தோல் புண்ணாகலாம்.

இவ்வளவு குறைந்த மின்சாரம் மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போகுமா?

நல்ல கேள்வி. ஆய்வாளர்களே தங்களுக்குள் சண்டை போட்ட கேள்வி. பெரும்பகுதி உள்ளே போவதில்லை. தலைத்தோல் வழியாகவே ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடிவிடுகிறது. இறந்தவர்களின் உடலில் அளந்து 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, நான்கில் மூன்று பங்கு தோலிலும் எலும்பிலுமே வீணாகிறது என்றது. எஞ்சியது மூளையில் உண்டாக்கும் மின்புலம், 2 மில்லி ஆம்பியர் செலுத்தினாலும், ஒரு மீட்டருக்கு ஒரு வோல்ட்டை எட்டுவதில்லை. அறுவை சிகிச்சைக்காக மூளைக்குள் ஏற்கெனவே மின்முனை பொருத்தப்பட்டிருந்த நோயாளிகளிடம் நேரடியாக அளந்து பார்த்த கணக்கு இது.

ஆக, போகிறது, கொஞ்சம்தான் போகிறது. அது போதுமா என்பது அடுத்த கேள்வி.

அந்தக் கொஞ்சம் மின்சாரம் உள்ளே போய் என்ன செய்துவிடும்?

நரம்பணுவைச் 'சுட' வைக்கும், அதாவது மின்துடிப்பு அனுப்ப வைக்கும், பலம் அதற்கு இல்லை. அணுவின் சவ்வில் உள்ள மின்னழுத்தத்தை ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவாக நகர்த்துகிறது, அவ்வளவுதான். தானாகவே சுடும் நிலையை நெருங்கிவிட்ட அணுவுக்கு அது கடைசித் துளியாக அமையலாம். சும்மா கிடக்கும் அணுவை அது எழுப்பாது. ஓடுகிற ஊஞ்சலைச் சுண்டு விரலால் தள்ளுவது போல. நின்றுபோன ஊஞ்சலை அந்த விரலால் ஆட்ட முடியாது.

2000-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷே, பவுலஸ் என்ற இருவர், கையை அசைக்கும் மூளைப் பகுதியில் இதைக் காட்டினார்கள். நேர்முனைக்குக் கீழே மூளை எளிதில் தூண்டப்படுவதாகவும், எதிர்முனைக்குக் கீழே மந்தமாவதாகவும் அளந்தார்கள். அடுத்த ஆண்டே, 13 நிமிடம் செலுத்தினால் அந்த மாற்றம் நிறுத்திய பிறகும் ஒன்றரை மணி நேரம் வரை நிற்கும் என்றும் காட்டினார்கள். கற்றலுக்குத் தேவையான என்.எம்.டி.ஏ. ஏற்பிகளை மருந்தால் அடைத்துவிட்டால் இந்தப் பின்விளைவு வருவதில்லை. அதாவது மின்சாரம் போன பிறகும் மிஞ்சுவது, மூளை எதையாவது கற்கும்போது நடக்கும் மாற்றத்தின் சாயல். இதை நினைவில் வையுங்கள். கீழே ஒரு கேள்விக்கு இதுதான் பதில்.

என் தம்பிக்குக் குரல் கேட்பது நின்றுவிட்டது. மாத்திரை நன்றாகவே வேலை செய்கிறது. பிறகு எதற்கு இது?

உங்கள் தம்பி பத்திரிகையில் ஒரு பக்கத்தைப் படித்து முடிக்கிறாரா? இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பின்தொடர முடிகிறதா? கடைக்குப் போனால் சொன்ன மூன்று பொருட்களும் வருகின்றனவா? மனச்சிதைவில் குரலும் சந்தேகமும் ஊருக்குத் தெரியும். கவனம், செயல்நினைவு, வேகம் ஆகியவை குறைவது யாருக்கும் தெரியாது. பல சமயம் அது நோய் வெளிப்படுவதற்கு முன்பே தொடங்கி, குரல் நின்ற பிறகும் தங்கிவிடுகிறது. இப்போதுள்ள மருந்துகள் குரலை அடக்கும் அளவுக்கு இதைத் தொடுவதில்லை.

வீட்டில் இதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். வேலைக்குத் திரும்புவாரா, தனியாகச் சமாளிப்பாரா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது குரல்களைவிட இந்தக் குறைபாடுதான். மனச்சோர்விலும் இருதுருவக் கோளாறிலும்கூட, மனநிலை சீரான பிறகு "மூளை முன்னைப் போல ஓடவில்லை" என்பவர்கள் பலர். அவர்களுக்குக் கொடுக்க எங்களிடம் அதிகம் இல்லை. அதனால்தான் இவ்வளவு சின்ன மின்சாரத்தின் மேல் இவ்வளவு பெரிய ஆர்வம்.

சரி, சிந்தனை முன்னேறுகிறதா இல்லையா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

மனச்சிதைவில் செயல்நினைவு கொஞ்சம் முன்னேறுகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்குகள் சொல்கின்றன. கவனத்தில் சில ஆய்வுகள் பலன் காட்டின, சில காட்டவில்லை. மற்றத் திறன்களில் நம்பிக்கையோடு சொல்ல எதுவும் இல்லை. பல ஆய்வுகளில் இருபது, முப்பது பேர்தான் இருந்தார்கள். அவ்வளவு சிறிய ஆய்வில் வரும் அழகான முடிவை நான் ஒரு கண்ணால்தான் பார்ப்பேன்.

கவனக்குறைபாடான ஏ.டி.எச்.டி.யில் நிலைமை இன்னும் சுவாரசியம். பிரேசிலில் 64 பெரியவர்கள் நான்கு வாரம் தினமும் வீட்டிலேயே, வலது நெற்றிப் பக்கம் நேர்முனை வைத்துச் செய்துகொண்டார்கள். போலித் தூண்டல் (கருவியைக் கட்டிவிட்டு மின்சாரத்தைச் சற்று நேரத்திலேயே நிறுத்திவிடுவது) பெற்றவர்களைவிட அவர்களின் கவனக்குறைவு குறைந்தது. 2022-இல் வெளியான முடிவு இது. ஆனால் ஏ.டி.எச்.டி. உள்ள 50 சிறுவர்களுக்கு 15 அமர்வுகள், பயிற்சியும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வில் ஒரு பலனும் இல்லை. வயது வேறு, இடம் வேறு, பலனும் வேறு. "ஏ.டி.எச்.டி.க்கு இது உதவும்" என்று ஒரே வரியில் சொல்பவரை நம்பாதீர்கள், "உதவாது" என்று ஒரே வரியில் சொல்பவரையும்தான்.

குரல் கேட்பதற்கும் மனச்சோர்வுக்கும் இதைப் பயன்படுத்துகிறார்களே?

ஆம். நோக்கம் வேறு, முனை வைக்கும் இடமும் வேறு. பிரான்சின் லியோன் நகரில் புருனெலின் குழு 2012-இல், மருந்துக்கு அடங்காத குரல்கள் கேட்ட 30 பேருக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறை வீதம் ஐந்து நாள் கொடுத்து, குரல்கள் குறைவதைக் காட்டியது. அங்கே எதிர்முனை இடது காதுக்கு மேலே பின்புறமாக இருந்தது, மந்தமாக்குவதற்காக.

மனச்சோர்வில் வழக்கு இன்னும் முடியவில்லை. 2017-இல் 245 பேரிடம் எஸ்சிட்டலோப்ராம் மாத்திரையோடு ஒப்பிட்டபோது, மாத்திரைக்கு இது சளைத்ததல்ல என்று நிரூபிக்க முடியவில்லை. 2023-இல் ஜெர்மனியில் பல மையங்களில் நடந்த ஆய்வில், மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தபோது போலித் தூண்டலைவிட அது மேலாக இல்லை. எதிர்த்திசையில் வந்த முடிவுகளும் இருக்கின்றன. வீட்டில் செய்வது பற்றிய கேள்வியில் ஒன்றைச் சொல்கிறேன்.

சும்மா கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதுமா?

போதாது என்பதே என் கட்சி. ஊஞ்சல் உதாரணத்துக்குத் திரும்புங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சுற்றுக்குத்தான் இந்தத் தள்ளல் உதவும். எனவே மின்சாரம் ஓடும்போதே செயல்நினைவுக்கு வேலை கொடுப்பது பொருத்தமானது. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வரும். இப்போது வந்தது இரண்டு எழுத்துக்கு முன் வந்ததேதானா என்று சொல்ல வேண்டும். எளிதாகத் தோன்றும், மூன்றாவது நிமிடத்தில் வியர்க்கும். அதில் சறுக்கிய நோயாளிகளுக்கு ஆறுதலாக ஒன்று சொல்வேன்: நானும் அதில் பெரிய ஆள் இல்லை.

பயிற்சி மட்டும், மின்சாரம் மட்டும், இரண்டும் சேர்த்து என்று தனித்தனியாக ஒப்பிட்ட ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசுவதில்லை. ஆனால் அந்த அரை மணி நேரம் கைபேசியில் படம் பார்ப்பதற்குச் சாதகமாக ஒரு காரணம்கூட எனக்குத் தெரியவில்லை.

எத்தனை நாள் செய்ய வேண்டும்? பலன் எவ்வளவு காலம் நிற்கும்?

ஆய்வுகளில் 5 அமர்விலிருந்து 20, 30 வரை இருந்திருக்கிறது. ஒரே ஒரு அமர்வின் தாக்கம் மேலே சொன்னபடி ஒன்றிரண்டு மணி நேரத்தில் கரைந்துவிடும். அடுத்தடுத்த நாட்களில் தொடர்ந்து செய்வதே தங்கவைக்கும் வழி. லியோன் ஆய்வில் குரல்களில் ஏற்பட்ட குறைவு மூன்று மாதம் வரை நீடித்தது. சிந்தனைத் திறனைப் பற்றி அப்படி நீண்ட காலக் கணக்கு மிகக் குறைவு.

2 மில்லி ஆம்பியரில் கொஞ்சம் பலன் என்றால் 4 வைத்தால் இரட்டிப்பு ஆகுமே?

கணக்கு சரி, மூளைக்குக் கணக்குத் தெரியாது. எதிர்முனை மந்தமாக்கும் என்று மேலே சொன்னேன். 1 மில்லி ஆம்பியரில் அப்படித்தான். அதே எதிர்முனையில் 2 மில்லி ஆம்பியரை 20 நிமிடம் செலுத்தியபோது மந்தமாவதற்குப் பதில் தூண்டப்பட்டது என்று 2013-இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. கூட்டினால் கூடும் என்று வைத்துக்கொள்ளவே முடியாது. திசையே திரும்பலாம்.

இதைத் தொடங்கினால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூடத் தொடாதீர்கள். குரல்களைத் திரும்ப அழைப்பதற்கு அதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. மருந்துகள் இந்தத் தூண்டலையே மாற்றுகின்றன. வலிப்புக்கும் மனநிலைக்கும் தரப்படும் கார்பமாசெபின், நேர்முனையின் தூண்டலை அழித்துவிடுவதாக ஆரோக்கியமானவர்களிடம் செய்த சோதனைகள் காட்டின. டோபமின் என்ற மூளை வேதிப்பொருளின் டி2 ஏற்பியை அடைக்கும் சல்பிரைடு மருந்தைக் கொடுத்தபோது பின்விளைவுகள் ஏறத்தாழ மறைந்துவிட்டன. மனச்சிதைவு மருந்துகளில் பெரும்பாலானவை டி2 ஏற்பியைத்தான் அடைக்கின்றன என்பதை யோசித்துப் பாருங்கள்! நோயாளிகளிடம் பலன் சிறியதாகவும் ஆளுக்கு ஆள் வேறாகவும் வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். புகைபிடிக்கும் நோயாளிகளுக்குக் குரல்கள் குறைவது மட்டுப்படுவதாகவும் லியோன் குழு பின்னர் எழுதியது. ஆகவே என்னென்ன எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதைத் தூக்க மாத்திரை, சிகரெட் உட்பட மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆபத்தே இல்லையா? யாருக்கெல்லாம் கூடாது?

2016-இல் ஒரு தொகுப்பு, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் செய்த 33,000-க்கும் அதிகமான அமர்வுகளைப் பார்த்து, வழக்கமான அளவுகளில் கடுமையான பாதிப்பு எதுவும் பதிவாகவில்லை என்றது. அரிப்பு, தோல் சிவப்பது, தலைவலி, களைப்பு ஆகியவை சாதாரணம். தோல் தீய்வது அரிது. பெரும்பாலும் கவனக்குறைவால் வருவது.

மனநோயில் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று: மனச்சோர்வில் இருப்பவர் திடீரென்று மிகையெழுச்சிக்குப் போவது. முன்பு சொன்ன 2017 ஆய்வில் மின்தூண்டல் பெற்றவர்களில் இருவருக்கு அப்படி நேர்ந்தது. தூக்கம் தேவையில்லாமல் போவது, பேச்சு நிற்காமல் வருவது, பணம் தண்ணீராகச் செலவாவது தெரிந்தால் அடுத்த அமர்வுக்குக் காத்திருக்காதீர்கள். தலைக்குள் உலோகம், காதுக்குள் பொருத்திய செவிக்கருவி, இதயத்தில் பேஸ்மேக்கர், வலிப்பு நோய், முனை வைக்கும் இடத்தில் புண், கர்ப்பம் ஆகியவை இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும்.

இந்தக் கருவி என் எண்ணங்களைப் படிக்கிறதா? வேறு எண்ணங்களை உள்ளே போடுமா?

இதைக் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல இது. தன் எண்ணங்களை யாரோ திருடுகிறார்கள் என்று பல மாதம் நம்பித் துடித்த ஒருவருடைய தலையில் கம்பி கட்டப் போகிறோம். அவர் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கருவியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். பேட்டரி, ஒரு குமிழ், இரண்டு கம்பிகள். மின்சாரம் வெளியே போகிறது. அது சரியாகப் போகிறதா என்பதைத் தவிர எதையும் அது அளப்பதில்லை. எண்ணத்தைப் பதிவு செய்ய அதில் எதுவும் இல்லை. எண்ணத்தைப் போடவும் முடியாது. ஓர் அணுவைச் சுட வைக்கவே அதற்குப் பலம் போதாது என்று மேலே பார்த்தோம். இவ்வளவு சொல்லியும் பயம் போகாவிட்டால் அன்று கட்டக் கூடாது. வேறொரு நாள் பார்க்கலாம், அல்லது விட்டுவிடலாம். அடுத்த அறையில் காத்திருக்கும் அண்ணனின் அவசரத்துக்காகச் செய்யவே கூடாது.

ஆய்வில் சேர்ந்தேன். எனக்கு நிஜமாகவே கரண்ட் கொடுத்தார்களா, ஏமாற்றினார்களா?

சேரும்போது கையெழுத்திட்ட தாளில் இது எழுதியிருக்கும். அதனால் ஏமாற்று அல்ல. போலித் தூண்டலில் மின்சாரத்தை ஏற்றி, அரை நிமிடம் போல வைத்து, சத்தமில்லாமல் இறக்கிவிடுவார்கள். அரிப்பு முதலில்தான் வரும் என்பதால் பலருக்கு வித்தியாசம் தெரியாது. 2 மில்லி ஆம்பியரில் சிலர் கண்டுபிடித்துவிடுகிறார்கள். தோல் சிவப்பு காட்டிக்கொடுத்துவிடும். இந்தத் துறையின் முடிவுகள் சிலவற்றை நான் தள்ளி வைத்துப் பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இணையத்தில் கருவி விற்கிறார்கள். வீட்டிலேயே செய்துகொள்ளலாமா?

மருத்துவர் தொலைவிலிருந்து கண்காணிக்க, அளவு பூட்டப்பட்ட கருவியை வீட்டில் பயன்படுத்துவது ஒன்று. மனச்சோர்வுக்கு அப்படிச் செய்து 2024-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் ஒன்று பலன் கண்டது, மற்றது காணவில்லை. நீங்களே வாங்கி, நீங்களே இடம் பார்த்து வைத்துக்கொள்வது இன்னொன்று. அதன் அபாயங்களை எச்சரித்து 2016-இல் இந்தத் துறை ஆய்வாளர்களே கையெழுத்திட்டு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். இதையே தொழிலாகக் கொண்டவர்கள் எச்சரித்தால் கேட்டுக்கொள்வது நல்லது. மனநோய் உள்ளவர் வீட்டில் தனியாக இதைச் செய்வதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். மிகையெழுச்சி தொடங்கினால் அதை முதலில் கவனிக்காதவர் அவராகத்தான் இருப்பார்.

என் மகளுக்கு நோய் எதுவும் இல்லை. தேர்வுக்காகக் கொடுக்கலாமா?

வேண்டாம். வளரும் மூளை என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையலாம். 2013-இல் ஆரோக்கியமானவர்களுக்குப் புதிய எண் குறிகளைக் கற்றுக்கொடுத்தபடி இதைச் செய்தார்கள். உச்சியின் பின்புறம் தூண்டியவர்கள் வேகமாகக் கற்றார்கள், ஆனால் கற்றது தன்னியல்பாகக் கைக்கு வரவில்லை. முன்நெற்றியில் தூண்டியவர்களுக்குத் தலைகீழாக நடந்தது. எதை விற்று எதை வாங்குகிறோம் என்றே தெரியாத வியாபாரம். இரவில் எட்டு மணி நேரம் தூங்கச் சொல்லுங்கள்.

சோதனையில் மதிப்பெண் கூடியது என்கிறீர்கள். வீட்டில் ஒன்றும் மாறவில்லையே?

கேட்பவர் பெரும்பாலும் மனைவி; அவர் சொல்வது பெரும்பாலும் சரி. ஒரே சோதனையை இரண்டாம் முறை எழுதினால் யாருக்கும் மதிப்பெண் ஏறும். அதனால்தான் போலித் தூண்டல் குழு இல்லாத ஏற்றத்துக்கு மதிப்பில்லை. அந்தக் குழுவையும் தாண்டி ஏறியிருந்தாலும், திரையில் எழுத்தைப் பிடிக்கும் திறன் அடுப்பை அணைக்க நினைவு வைப்பதற்குத் தானாகக் கைமாறுவதில்லை.

ஆகவே தொடங்கும் முன்பே வீட்டு அளவுகோல் ஒன்றை எழுதி வையுங்கள். நினைவூட்டாமல் மாத்திரை எடுத்த நாட்கள் எத்தனை, ஒரு செய்தியைப் படித்துத் திருப்பிச் சொன்னது எத்தனை முறை, பேச்சின் நடுவே தொலைந்துபோனது எத்தனை முறை. முன்பு இரண்டு வாரம், பின்பு இரண்டு வாரம், ஒரே நோட்டில். அடுத்த முறை வரும்போது அந்த நோட்டைக் கொண்டுவாருங்கள். என் சோதனைத் தாளுக்கு முன் அதைத்தான் முதலில் புரட்டுவேன்.